“இந்தக் குழந்தைக்கு ஒண்ணும் பண்ண முடியாது”: டவுன் சிண்ட்ரோம் குழந்தையின் பெற்றோருக்கு

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. உங்க வீட்டுலயோ, சொந்தத்துலயோ, தெருவுலயோ டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. இல்லைன்னாலும் படிங்க. ஏறக்குறைய ஆயிரம் பிரசவத்துக்கு ஒரு குழந்தைக்காவது இது இருக்கும். என்னைக்காவது ஒருநாள் உங்க தங்கச்சியோ மச்சானோ போன் பண்ணி, “டாக்டர் என்னமோ சொல்றாரு, எங்களுக்கு ஒண்ணும் புரியல”ன்னு சொல்லலாம்.

போன மழைக்காலத்துல காய்ச்சல் ஓபிக்கு ஒரு அம்மா ரெண்டரை வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) மேல்நோக்கிச் சாய்ந்த கண், தட்டையான மூக்குத்தண்டு. டவுன் சிண்ட்ரோம்னு பார்த்ததுமே தெரிஞ்சது. ஆனா நான் பயந்தது அவன் விரல்களைப் பார்த்து. பத்து நகமும் நாவல்பழம் நசுக்கின மாதிரி நீலமா இருந்தது.

“எக்கோ எடுத்திருக்கீங்களாம்மா?”

“அப்படின்னா என்ன டாக்டர்?”

பிறந்தப்போ என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். “மங்கோல் பேபின்னு சொன்னாங்க. மூளை வளர்ச்சி இருக்காது, இந்தக் குழந்தைக்கு ஒண்ணும் பண்ண முடியாது, இருக்கிற வரைக்கும் நல்லா பாத்துக்கங்கன்னாங்க.”

அந்த அம்மா நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க. பையன் சுத்தமா இருந்தான், கண்ணுக்கு மை, கழுத்துல சின்னதா ஒரு செயின். பால் குடிக்கும்போது வேர்த்துக் கொட்டினது, ரெண்டு வாய் குடிச்சிட்டு மூச்சு வாங்கினது, மாசம் ஒருதடவை நெஞ்சுச்சளி வந்தது, எடை ஏறாதது எல்லாத்தையும் கவனிச்சு வச்சிருந்தாங்க. கேட்ட இடத்துல எல்லாம் கிடைச்ச பதில் ஒண்ணுதான்: “இந்த மாதிரி குழந்தைங்கன்னா அப்படித்தான்மா.”

அவனுக்கு இதயத்துல பெரிய ஓட்டை. மேல்சிகிச்சைக்கு அனுப்பினேன். நுரையீரல் ரத்தக்குழாய்கள்ல அழுத்தம் ரொம்ப ஏறிடுச்சு, இனிமே ஓட்டையை அடைச்சா ஆபத்து, மாத்திரையோட பார்த்துக்கலாம்னு எழுதி அனுப்பினாங்க.

ஒண்ணும் பண்ண முடியாதுன்னு பிறந்த அன்னைக்கு சொன்னப்போ அது பொய். ரெண்டரை வருஷத்துல அதை நாங்களே உண்மையாக்கிட்டோம்.

இந்த த்ரெட்டே அந்த வாக்கியத்தைப் பத்தித்தான். நான் குழந்தைகள் நல நிபுணர் கிடையாது, எம்பிபிஎஸ் மட்டும்தான். ஆனா இந்தக் குழந்தைகளைப் பெரும்பாலும் முதல்ல பார்க்கிறது என்னை மாதிரி ஆளுங்கதான். அந்த வாக்கியத்தை முதல்ல சொல்றதும் நாங்கதான்.

நானும் யோக்கியன் இல்லை. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு நைட் டியூட்டியில இப்படி ஒரு குழந்தை பிறந்தது. அம்மா தூங்கட்டும்னு நினைச்சு, வராண்டாவுல நின்னுக்கிட்டிருந்த மாமியார்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நிமிஷம் பேசியிருப்பேன். காலையில ரவுண்ட்ஸ் போனா அந்தக் கட்டில் பக்கத்துல புருஷன் வீட்டு ஆளுங்க ஒருத்தர்கூட இல்லை. “என்னாச்சு, ஏன் யாரும் குழந்தையைப் பார்க்க வரல?”ன்னு அந்தப் பொண்ணு ஆயாகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தாங்க. விஷயத்தை அவங்களுக்குச் சொன்னது அந்த ஆயாதான்.

அதுக்கப்புறம் நான் ஒண்ணு முடிவு பண்ணினேன். அம்மா, அப்பா ரெண்டு பேரையும் உட்கார வச்சுத்தான் சொல்லணும். குழந்தை அம்மா மடியில இருக்கணும். முதல்ல பிறந்ததுக்கு வாழ்த்து சொல்லணும், அப்புறம் விஷயம், அதோட நாளைக்கு என்ன செய்யணும்ங்கிறது. இதைப் படிக்கிற ஜூனியர் டாக்டர்கள், நர்ஸ்கள் தயவுசெஞ்சு இதை யோசிங்க. “மங்கோல்”ங்கிற வார்த்தையையும் விடுங்க. 1965-லேயே, மங்கோலிய நாடு கேட்டுக்கிட்டதுக்கு அப்புறம், உலக சுகாதார நிறுவனம் கைவிட்ட வார்த்தை அது. நம்ம லேபர் வார்டுல மட்டும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

சரி, இது என்னன்னு சுருக்கமா பார்த்துடுவோம். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லிலும் 23 ஜோடி, மொத்தம் 46 குரோமோசோம். இந்தக் குழந்தைகளுக்கு 21-வது குரோமோசோம் ரெண்டுக்குப் பதிலா மூணு. மொத்தம் 47. 1866-ல் லாங்டன் டவுன்ங்கிற இங்கிலாந்து டாக்டர் இந்த அமைப்பை விவரிச்சு எழுதினார், அவர் பேர்தான் நிலைச்சுடுச்சு. காரணம் கூடுதல் குரோமோசோம்னு தெரிய வந்தது 1959-ல்.

யார் தப்பு? இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தா, பப்பாளி தின்னா, சத்து மாத்திரை போடல, சொந்தத்துல கட்டிக்கிட்டாங்க. எதுவும் காரணம் இல்லை. சொந்தத்துல கல்யாணம் பண்றதால வேற சில மரபணு நோய்கள் வரலாம், அது தனிக்கதை. டவுன் சிண்ட்ரோமுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. பெரும்பாலும் கருமுட்டை பிரியும்போதும், சில சமயம் விந்தணுவிலும் நடக்கிற பிசகு இது. அந்த முட்டை உருவாக ஆரம்பிச்சது எப்போ தெரியுமா? அந்த அம்மா, அவங்க அம்மா வயித்துல கருவா இருந்தப்போவே. இதுல யாரு எந்தப் பப்பாளியைத் தின்னா என்ன?

வயசு கூடக்கூட வாய்ப்பும் கூடும்ங்கிறது உண்மை. 35 வயசுல சுமார் 350 பிரசவத்துக்கு ஒண்ணு, 40-ல் சுமார் 100-க்கு ஒண்ணு. ஆனா இளம் வயசுலதான் நிறைய பேர் பிள்ளை பெத்துக்கிறாங்க, அதனால இந்தக் குழந்தைகளோட அம்மாக்கள்ல நிறைய பேர் 35-க்குக் கீழேதான். “ஸ்கேன்ல ஏன் தெரியல?”ன்னு அடுத்து கேப்பீங்க. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வாய்ப்பு அதிகமா குறைவான்னுதான் சொல்லும். நார்மல்னு வந்தும் குழந்தைக்கு இருக்கலாம். ஸ்கேன் சென்டர்ல போய் சண்டை போடுறதுக்கு முன்னாடி குழந்தையோட இதயத்தைப் பாருங்க.

அங்கதான் வர்றேன்.

இந்தக் குழந்தைகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு பிறவியிலேயே இதயத்துல குறை இருக்கும். பாதிப் பேருக்குங்க! நல்லா அழுது, நல்லா பால் குடிச்சு, ஸ்டெதாஸ்கோப்பில் வித்தியாசமான சத்தம் எதுவும் கேக்காம இருந்தாலும் உள்ளே பெரிய ஓட்டை இருக்கலாம். பிறந்த புதுசுல நுரையீரல் பக்கத்து அழுத்தம் இயல்பாவே அதிகமா இருக்கும். ரெண்டு பக்கமும் அழுத்தம் ஒண்ணா இருந்தா ஓட்டை வழியா ரத்தம் வேகமா பாயாது, சத்தமும் வராது. அதனால “வச்சுப் பார்த்தேன், நார்மலா இருக்கு”ங்கிறது போதாது. எக்கோ எடுத்தே ஆகணும். முதல் மாசத்துக்குள்ள.

ஏன் இவ்வளவு அவசரம்? நாள் போகப் போக அழுத்தம் இறங்கும், ஓட்டை வழியா தேவைக்கு மேல ரத்தம் நுரையீரலுக்குப் பாயும். மழை வெள்ளத்தைத் தாங்க முடியாத வாய்க்கால் மாதிரி அங்கே இருக்கிற மெல்லிய ரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டு, தடிச்சு இறுகிடும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள்கிட்ட இது மத்தவங்களைவிட வேகமா நடக்கும். ஒரு கட்டத்துக்கு மேல ரத்தம் திசை மாறிப் பாயும், நகம் நீலமாகும். அதுக்கப்புறம் ஆபரேஷன் கிடையாது. பெரிய ஓட்டைன்னா மூணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் முடியணும்னு சொல்றது அதனாலதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குழந்தைகளுக்கான இதய ஆபரேஷன் வருது. காசு இல்லைங்கிற காரணத்துக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். டவுன் சிண்ட்ரோம்ங்கிறதால ஆபரேஷன் பலிக்காதுன்னும் இல்லை, நேரத்துக்குப் பண்ணினா மத்த குழந்தைகள் மாதிரியே தேறி வர்றாங்க.

நான் ரொம்ப வெறுக்கிற ஒரு பேச்சு இருக்கு. “இந்தக் குழந்தைக்குப் போய் எதுக்கு டாக்டர் ஆபரேஷன்? கஷ்டப்படாம போய்ச் சேரட்டும்.” பெத்தவங்க சொல்லி நான் கேட்டது குறைவு. சித்தப்பா, பெரியப்பா, கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர், சில சமயம் படிச்ச எங்க ஆளுங்களே சொல்வாங்க. அவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். அமெரிக்காவுல 1983-ல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களோட சராசரி ஆயுள் சுமார் 25 வருஷம். இன்னைக்கு சுமார் 60. இந்த இடைப்பட்ட காலத்துல யாரும் அந்தக் கூடுதல் குரோமோசோமை எடுத்துடல. இதய ஆபரேஷன் பண்ணாங்க, தைராய்டு பார்த்தாங்க, விடுதியில தள்ளாம வீட்டுல வச்சு வளர்த்தாங்க. போய்ச் சேரட்டும்னு நீங்க சொல்றது அறுபது வயசு வரைக்கும் வாழக்கூடிய ஒரு ஆளை.

அப்புறம் தைராய்டு. இந்தக் குழந்தைகளுக்கு தைராய்டு குறைவு சகஜம். மந்தம், மலச்சிக்கல், தளர்ந்த உடம்பு, வறண்ட தோல். இதெல்லாம் டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு இருக்கிறதுதானேன்னு தோணும், அதனாலேயே கோட்டை விட்டுடுவோம். பிறந்ததும், ஆறாவது மாசம், ஒரு வயசுல, அதுக்கப்புறம் வருஷம் ஒருதடவை ரத்தம் பார்க்கணும். குறைவா இருந்தா தினமும் காலையில ஒரு சின்ன மாத்திரை. அவ்வளவு சின்ன விஷயத்துக்காக ஒரு குழந்தையோட மூளை வளர்ச்சியைக் கோட்டை விடலாமா?

காது அடுத்தது. நாலு வயசாகியும் பேசலைன்னு வருவாங்க. மூளை வளர்ச்சி இல்லை, அதான் பேசலன்னு அவங்களே ஒரு காரணமும் சொல்வாங்க. இந்தக் குழந்தைகளுக்குக் காதுத் துவாரம் குறுகலா இருக்கும், செவிப்பறைக்குப் பின்னால சளி மாதிரி நீர் கட்டி நிக்கும். காதுல பஞ்சு அடைச்சுக்கிட்டு பாடம் கேக்கிற மாதிரி. கேக்காத வார்த்தையை எப்படிப் பேசுறது? கேக்குதான்னு பிறந்ததுமே ஒருதடவை, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருதடவை பாருங்க. கண்ணும் அப்படித்தான். பிறவியிலேயே புரை இருக்கலாம், பாதிப் பேருக்கு மேல கண்ணாடி தேவைப்படும். தூக்கத்துல பலமா குறட்டை விட்டாலோ, தலையைப் பின்னால சாய்ச்சுக்கிட்டோ உட்கார்ந்தபடியோ தூங்கினாலோ காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. “அசந்து தூங்குறான்”னு விட்டுடாதீங்க.

பிறந்த முதல் ரெண்டு மூணு நாள்ல பச்சையா வாந்தி எடுத்தாலோ, ஒரு நாள் தாண்டியும் மலம் போகாம வயிறு உப்பினாலோ உடனே ஆஸ்பத்திரி. குடல் அடைப்பும் இவங்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

கழுத்தைப் பத்தியும் சொல்லணும், நிறைய பேருக்குத் தெரியாது. கழுத்தெலும்பு மூட்டு சிலருக்குத் தளர்வா இருக்கும். குட்டிக்கரணம் போட வைக்காதீங்க. எந்த ஆபரேஷனா இருந்தாலும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட, “இவனுக்கு டவுன் சிண்ட்ரோம், கழுத்தைப் பார்த்துக்கங்க”ன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நல்லா நடந்துக்கிட்டிருந்த பிள்ளை திடீர்னு தடுமாற ஆரம்பிச்சா, கழுத்து ஒரு பக்கம் சாய்ஞ்சா, உடனே வாங்க.

தாய்ப்பால் குடுக்க முடியும். தசை தளர்வா இருக்கிறதால உறிஞ்ச நேரமாகும், சீக்கிரம் தூங்கிடும், எழுப்பி எழுப்பிக் குடுக்கணும். தாடையை ஒரு விரலால தாங்கிப் பிடிச்சா உதவும். தடுப்பூசி எல்லாமே அட்டவணைப்படிதான், ஒண்ணையும் விட வேண்டாம்.

இனி வளர்ப்புக்கு வருவோம். மத்த குழந்தை ஒரு வயசுல நடக்கிறதை இந்தப் பிள்ளை ரெண்டு வயசுல நடக்கும். சிலர் மூணு. பேச்சு இன்னும் தாமதமாகும். ஆனா பேசுறதைவிட நிறைய புரிஞ்சுக்குவாங்க. அதை மறந்துட்டு அவங்க முன்னாடியே “இவனுக்கு ஒண்ணும் தெரியாது”ன்னு பேசாதீங்க. கை சைகையோட பேசிப் பழக்குங்க. சாப்பாடு, தண்ணி, போதும், டாட்டா. சைகை பழக்கினா வாய் பேச்சு வராதுன்னு ஒரு பயம் இருக்கு. அப்படி ஆகாது, பேச்சுக்கு அது ஒரு படிக்கட்டு.

இதுக்கான இடம் உங்க மாவட்டத்துலயே இருக்கு. 2013-ல் ஆரம்பிச்ச தேசிய சிறார் நலத்திட்டத்துல வர்ற மாவட்ட இடையீட்டு சேவை மையம். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லைன்னா மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்துக்குள்ள இருக்கும். உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, காது, கண் எல்லாத்தையும் ஒரே இடத்துல பார்ப்பாங்க, கட்டணம் இல்லை. அங்கே போய் வர்ற பஸ் காசும், ஒருநாள் கூலி போறதும்தான் உண்மையான செலவு. அது சின்னச் செலவு இல்லைன்னு எனக்குத் தெரியும். முடிஞ்சா வாரம் ஒருநாள் போய், அவங்க சொல்லித்தர்றதை மீதி ஆறு நாளும் வீட்டுல பண்ணுங்க. குப்புற போடுறது, உட்கார வைக்கிறது, இட்லியைத் தானே எடுத்துத் தின்ன விடுறது எல்லாமே பயிற்சிதான்.

மூளை வளர்ச்சி டானிக், ஸ்டெம் செல் ஊசின்னு சொல்லி லட்சக்கணக்குல வாங்குற இடங்களுக்கு மட்டும் போகாதீங்க. குரோமோசோமை மாத்துற மருந்து உலகத்துல எங்கேயும் இல்லை. தாலி அடகு வச்சு இந்த ஊசி போட்ட ஒரு வீட்டுல, குழந்தைக்கு அதுவரைக்கும் தைராய்டு பார்க்கவே இல்லை.

அட்டை, சர்டிபிகேட் வேலைகளைத் தள்ளிப் போடாதீங்க. அரசு மருத்துவமனையில மதிப்பீடு முடிஞ்சதும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை கிடைக்கும். அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல இருந்தா தமிழ்நாட்டுல மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. “அட்டை வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடும்”னு வாங்காம இருக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். ஊர் ஏற்கனவே குத்தியாச்சு. நீங்க உரிமையையாவது வாங்குங்க.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி இவங்க உரிமை, பக்கத்துல இருக்கிற பள்ளியிலயே கேக்கலாம். “மத்த பிள்ளைங்க பயப்படுவாங்க”ன்னு ஹெட்மாஸ்டர் சொன்னா நம்பாதீங்க. பிள்ளைங்க பயப்பட மாட்டாங்க. மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மாதான் பயப்படுவாங்க.

அப்பாக்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. இந்தக் குழந்தைகளைத் தூக்கிட்டு ஓபிக்கு வர்றது பத்துல ஒன்பது தடவை அம்மாதான், இல்லைன்னா அம்மாவைப் பெத்த பாட்டி. நீங்க எங்க சார் இருக்கீங்க?

அடுத்த குழந்தை பத்தி யோசிக்கிறவங்க, முதல் குழந்தைக்கு கேரியோடைப்னு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமா வச்சுக்கங்க. நூத்துக்கு 95 பேருக்குச் சாதாரண வகை, மறுபடியும் வர்ற வாய்ப்பு பொதுவா நூத்துல ஒண்ணுதான். குரோமோசோம் இடம் மாறி ஒட்டிக்கிட்ட வகைன்னு வந்தா மட்டும் அப்பா அம்மாவுக்கும் பார்க்கணும்.

எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டு, கிளம்புறப்போ கதவுகிட்ட நின்னு ஒரு கேள்வி கேப்பாங்க. “எனக்கப்புறம் இவன் எங்க போவான் டாக்டர்?” முழுசா பதில் சொல்ல என்னால முடியாது. கூடப்பிறந்தவங்க மேல மட்டும் அந்தப் பாரத்தை வைக்கிறதும் நியாயம் இல்லை. தெரிஞ்சதைச் சொல்றேன்: 1999-ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்கு 18 வயசானதும் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கக் கேக்கலாம், கலெக்டர் தலைமையில அதுக்கு ஒரு குழு இருக்கு. அதே அறக்கட்டளையோட நிராமயா காப்பீட்டையும் விசாரிங்க. உங்களை மாதிரியே இருக்கிற மத்த பெற்றோரோட சேர்ந்துக்கங்க. சென்னையில டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாங்கிற அமைப்பை ஆரம்பிச்ச சுரேகா ராமச்சந்திரனும் இப்படி ஒரு பெண்ணோட அம்மாதான். தானே குளிச்சு, தானே சட்டை மாட்டி, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கத் தெரிஞ்ச ஒருத்தரைப் பார்த்துக்க ஆள் கிடைக்கிறது கொஞ்சம் சுலபம். அதை அஞ்சு வயசுலயே ஆரம்பிச்சுடுங்க.

அந்த நீல நகப் பையன் மாசாமாசம் மாத்திரை வாங்க வர்றான். வந்ததும் என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கி என் வயித்துல வச்சுப் பார்ப்பான், அப்புறம் நாக்கை நீட்டச் சொல்லுவான். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது.

போன வாரம் அவங்க அம்மா தனியா வரல. கூட ஒரு சின்னப் பொண்ணு, கையில துண்டு சுத்தின இருபது நாள் குழந்தை. பக்கத்துத் தெருவாம்.

“டாக்டர், இந்தக் குழந்தையும் என் பையன் மாதிரிதான். எக்கோவுக்கு எழுதிக் குடுங்க”ன்னாங்க.

எழுதிக் குடுத்தேன்.